பாங்குக்கு எவ்வளவு நேரம் இருக்கு?

ஜூட் அண்ணன் இல்லையாம்...

கற்பிட்டியில் கம்ப்யூட்டர் திருத்துகிறவர். காலையில் நெஞ்சு நோவு. புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டதாம்.

நான் அவரை நேரில் பார்த்ததில்லை. அவர் குரல் எனக்குத் தெரியும். என் குரல் அவருக்குத் தெரியாது.

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு வீட்டிலிருந்து கல்யாண கார்ட் டிசைன் பண்ணுகிறேன். ஆட்களுக்கு முன்னால் நின்று கதைக்க எனக்கு வராது.

ஒருநாள் எத்தாளை ஊர்க் கல்யாணம் ஒன்றின் கார்ட் முடிந்திருந்தது. விடிந்தால் அச்சுக்குப் போக வேண்டும். லேப்டாப் அப்டேட் கேட்டது, கொடுத்தேன். பேட்டரி செத்த லேப்டாப்... வயர் இருந்தால்தான் உயிர்.

பாதியில் பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு. பாங்கு கேட்டால் உம்மா டிவியை நிப்பாட்டிவிடுவா. டிவியும் லேப்டாப்பும் ஒரே சுவிட்ச்.

பிறகு போட்டால் கறுப்புத் திரை. வட்டம் சுற்றும், அணையும், திரும்பச் சுற்றும்.

"சரிவராட்டி விடு மவள். சாச்சிட தையல் கடையில போய் இரி" என்றார் வாப்பா. அந்தக் கடையில் நாள் முழுக்க ஆட்கள்.

அச்சகத்தில் கேட்டு, கம்ப்யூட்டர் திருத்துகிறவரின் நம்பர் வாங்கி, திரையைப் படம் எடுத்து அனுப்பினேன். ஜூட் அண்ணன் கோல் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, பதிலை டைப் பண்ணினேன்.

"இடையில கரண்ட் போனதா?"

"ஓம்" என்று அடித்தேன்.

"பொய். எங்கட பக்கம் லைட் எரியுதே!"

உம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "நான்தான் தம்பி ஓஃப் பண்ணினேன். பாங்கு சொன்னாங்க."

அவர் சிரித்தார். "எங்கட அம்மாவும் இப்பிடித்தான். மாதா கோயில் மணி அடிச்சா டிவி நிக்கும்... தங்கச்சி, கார்ட் உள்ளதான் இருக்கு. மெஷினைப் பிறகு பாப்பம். முதல்ல கார்டை வெளிய எடுப்பம்."

நீலத் திரைக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து, கட்டளை அடிக்கிற கறுப்புப் பெட்டி ஒன்று. அதில் நோட்பேட் என்று அடிக்கச் சொன்னார். அதில் ஃபைல் திறக்கிற இடத்துக்குள்ளால் போனால் என் ஃபைல்கள் எல்லாம் இருந்தன! பென்ட்ரைவைக் குத்தி கொப்பி கொடுத்தேன். எவ்வளவு போனது என்று காட்டாது, திரை அப்படியே உறைந்து நிற்கும்.

அப்போது இஷா பாங்கு.

உம்மாவின் கை தானாகச் சுவிட்சுக்குப் போனது. நான் எழும்புவதற்குள்...

"உம்மா! ரெண்டு கையையும் கட்டிக்கொண்டு நில்லுங்க!" என்று கத்தினார் ஜூட் அண்ணன். ஃபோனுக்குள் அவருக்கும் பாங்கு கேட்டிருக்கிறது.

உம்மா கையைக் கட்டினா. பாங்கு முடியும்வரை ஃபோனில் அவரும் பேசவில்லை.

கார்ட் வந்துவிட்டது. பிறகு அதே நீலத் திரையிலிருந்து லேப்டாப்பையும் பழைய நிலைக்குத் திருப்பினார். விடிந்ததும் கார்ட் அச்சுக்குப் போனது. நான் தையல் கடைக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகு அப்டேட் வந்தால் அவருக்குத்தான் மெசேஜ். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "பாங்குக்கு எவ்வளவு நேரம் இருக்கு?"

இன்றைக்கும் லேப்டாப் அப்டேட் கேட்கிறது. நான் கொடுக்கவில்லை.

இப்போது மஃரிப் பாங்கு சொல்கிறது. டிவி ஓடிக்கொண்டிருக்கிறது... உம்மா சுவிட்சுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறா.

போய் வாங்க, ஜூட் அண்ணன்.