லாபம், ரெண்டு, மூணு

எத்தனை தோசை வேண்டும் என்று மருமகள் கேட்டால் என்னால் உடனே பதில் சொல்ல முடியாது. "லாபம், ரெண்டு, மூணு" என்று வாய்க்குள் ஓட்டி, மூன்றில் நிறுத்துவேன். அவள் மூன்று போடுவாள். வாசலில் கிடக்கும் செருப்புகளையும் குழாயடியில் நிற்கும் குடங்களையும் நான் எண்ணுவது தெருவுக்கே தெரியும். கிழவருக்குக் கணக்குப் பைத்தியம் என்கிறார்கள். பைத்தியம் இல்லை. ஒரு காலத்தில் எனக்கு மிஞ்சியிருந்த பேச்சே அதுதான். எண்ணுவதை விட்டால் அதுவும் போய்விடுமோ என்ற பயம் இந்த வயதிலும் விடவில்லை.

சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். தண்டையார்பேட்டையில் ஒரு பருப்புக் கிட்டங்கியில் கணக்குப்பிள்ளையாக இருந்தேன். வண்டியிலிருந்து மூட்டைகள் ஆட்களின் முதுகில் ஏறி உள்ளே போகும்போது, வாசலில் நின்று உரக்க எண்ண வேண்டும். வியாபாரிகள் வழக்கப்படி முதல் மூட்டைக்கு 'ஒன்று' என்று சொல்வதில்லை, 'லாபம்' என்போம். அடுத்தது இரண்டு. ஒரு நாள் அடுக்கின் உச்சியிலிருந்து ஒரு மூட்டை சரிந்து என் இடது காதுக்கு மேலே விழுந்தது. கண் விழித்தபோது ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

மூட்டை தூக்குபவர்களின் மேஸ்திரி பார்க்க வந்தார். "ரெண்டு அங்குலம் தள்ளி வுயுந்திருந்தா நேரா மூலகொத்தளம் சுடுகாடுதான், கணக்குப்புள்ளே" என்றார். சிரிக்க முடிந்தது. பதில் சொல்ல வரவில்லை.

எவ்வளவு போயிருக்கிறது என்பது ராயபுரத்தில் எங்கள் ஒற்றை அறைக்குத் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. தண்ணீர் கேட்க வாய் திறந்தால் 'சாவி' என்று வரும். மனைவி சாவியைக் கொண்டுவந்து கொடுப்பாள். நான் அதைச் சுவரில் வீசுவேன். எழுத்து கண்ணில் படும், மனதில் சேராது. வலது கை விரல்கள் பேனாவை நழுவவிட்டன. துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதினால் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு கிடப்பேன். அதுவரை அவளை அதட்டியறியாதவன், சோற்றில் உப்பு கொஞ்சம் கூடியதற்குத் தட்டைத் தள்ளினேன்.

முதலாளி தெற்கத்திக்காரர், கெட்டவர் அல்ல. பொங்கல் வரை இடத்தை வைத்திருப்பதாகவும், அதற்குமேல் வேறு ஆளை அமர்த்த வேண்டியிருக்கும் என்றும் சொல்லி அனுப்பினார். அந்த வேலை போனால் வாடகை கொடுக்க எங்களுக்கு வேறு வழியில்லை.

ஒரு மத்தியானம் மனைவி மாதத்து அரிசியைப் பானையில் அளந்து கொட்டிக்கொண்டிருந்தாள். முதல் படியைக் கொட்டி "லாபம்" என்றாள். பாயில் படுத்திருந்த நான் "ரெண்டு" என்றேன். அவள் கை நின்றது. அடுத்த படியைக் கொட்டினாள். "மூணு." அரிசி தீரும் வரை ஒன்றுகூடத் தவறவில்லை. அவள் பானையைச் சாய்த்து, அத்தனையையும் திரும்பச் சாக்கில் கொட்டிவிட்டு மறுபடி முதல் படியை எடுத்தாள்.

"தண்ணி வேணும்னா சாவின்றீங்க. இது மட்டும் எங்கேர்ந்து வருது?" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

வரிசையாக மனப்பாடம் செய்ததெல்லாம் உள்ளே இருந்தது, நடுவிலிருந்து எடுக்கத்தான் வழியில்லை. ஐந்து வேண்டுமென்றால் லாபத்திலிருந்து நடந்து போக வேண்டும். வெள்ளி என்று சொல்ல ஞாயிறிலிருந்து வர வேண்டும். அவள் பொறுமையாகக் காத்திருப்பாள். நான் எங்கே நிறுத்துகிறேனோ அதுதான் பதில்.

பொங்கலுக்கு முந்திய சனிக்கிழமை அவளே என்னைக் கிட்டங்கிக்கு அழைத்துப் போய் விட்டுவிட்டு வந்தாள்.

"வாரும்வே," என்றார் முதலாளி. "பேச்சு வராட்டா பரவால்ல. எண்ணிக்கை வருதான்னு பாப்போம். எனக்கும் யாவாரம் இருக்குல்லா."

வாசலில் நின்றேன். "லாபம்" என்றதும் மற்றவை தானாக வந்தன. முப்பதைத் தாண்டியிருப்பேன், ஒருவர் முதுகில் மூட்டை பிரிந்து பருப்பு சிதறியது. வரிசை நின்றது. மறுபடி நகர்ந்தபோது என் வாயிலிருந்து வந்தது "லாபம்".

"இன்னா கணக்குப்புள்ளே, மறுபடியும் லாபமா?" என்றார் அடுத்து வந்தவர். "அப்போ இத்தினி நேரம் தூக்கினது யாரு வூட்டு மூட்டை?"

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. நான் அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மேஸ்திரி முதுகிலிருந்த மூட்டையை இறக்கிவிட்டு வந்தார். "அண்ணாச்சி, கணக்கு போச்சுன்னா எங்க கூலியும் பூடும். நாங்க பத்து பத்தா வர்றோம். பத்து ஆனதும் நின்னுக்குறோம். அவுரு திரும்ப லாபத்துலருந்தே வரட்டும். இன்னா கொறைஞ்சு பூடும்?"

"நேரம் குறையும்லா," என்றார் முதலாளி. ஆனாலும் தடுக்கவில்லை.

பத்து பத்தாக வந்தார்கள். ஏற்கனவே உள்ளே போனவற்றையும் பத்து பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு பத்துக்கும் ஒரு புளியங்கொட்டையைத் தகர டப்பாவில் போட்டேன். அதற்கு என் இடது கை போதும். உள்ளே அடுக்குபவர் பத்துக்கு ஒரு வரிசையாக அடுக்கினார். நடுவில் தடுக்கினாலும் திரும்பிப் பார்க்க ஒரே வரிசைதான். கொஞ்ச நேரத்தில் லாப மூட்டையை யார் தூக்குவது என்று அவர்களுக்குள் போட்டி வந்துவிட்டது. "நவுருடா, நீ போன தபா லாபம். இப்ப என் முறை" என்று ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் கொட்டைகளையும் வண்டிக்காரர் சொன்ன தொகையையும் ஒத்துப் பார்த்தார் முதலாளி. சரியாக இருந்தது. இரண்டாம் தரமும் எண்ணினார்.

"காலைல இருந்து லாபம் லாபம்னு காதுல விழுந்துக்கிட்டே இருக்குவே," என்றார். "நல்லாத்தான் இருக்கு. எப்ப இருந்து வாரீரு?" நான் பதிலைத் தேடுவதற்குள் அவரே ஒரு நாளைச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வீட்டில் மனைவி விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"ஞாயிறு," என்றேன். அடுத்ததையும் சொன்னேன். "திங்கள்."

அதோடு நிறுத்தினேன். அவள் மேலும் வருமோ என்று காத்திருந்தாள். வரவில்லை.

"திங்கக்கிழமையிலிருந்தா?"

தலையாட்டினேன். தீக்குச்சி அவள் விரலைச் சுட்டுவிட்டது. சனிக்கிழமை என்றிருந்தால் ஏழு நாளையும் சொல்லி முடிப்பதற்குள் அவள் என்ன பாடு பட்டிருப்பாளோ. நல்ல வேளை, திங்கள் இரண்டாவதிலேயே வந்துவிடுகிறது.