அம்மா ஏற்றிய இன்னொரு மெழுகுதிரி

கல்லறைத் திருநாள் என்றால் எனக்கு இன்னும் ஈரமண் வாசனைதான். ஆண்டிமடம் பக்கத்து எங்கள் ஊரில் அன்று பிற்பகலுக்குள் அப்பா கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து முடித்துவிடுவார். பிள்ளைகள் நாங்கள் செவ்வந்தியைப் பிய்த்துப் போட்டுவிட்டு நமத்துப்போன தீக்குச்சிகளோடு மல்லுக்கட்டுவோம். துக்க நாளை அவ்வளவு சந்தோஷமாகக் கொண்டாடியவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். தாத்தாவுக்கு, சித்தப்பாவுக்கு என்று ஏற்றி முடித்ததும், நடுவில் நிற்கும் பெரிய சிலுவையின் அடியில் அம்மா இன்னொரு மெழுகுதிரி ஏற்றுவாள். கேட்டால், "யாருமில்லாத ஆத்துமாவுக்குடி" என்பாள்.

நான் கருவைக் கலைத்த வருடமும் போனோம். என் மகளுக்கு அப்போது எட்டு மாதம். சிசேரியன் செய்த உடம்பு தேறவில்லை, அதற்குள் மறுபடி உண்டாகிவிட்டேன். முடிவு உங்களுடையது என்றார் அரியலூர் டாக்டரம்மா. நானும் கணவரும் எடுத்தோம். அம்மாவிடம் மட்டும் சொன்னேன். மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைப் பாவி என்று நினைக்கிறாள் என்றே எடுத்துக்கொண்டேன்.

சிலுவையடியில் தன் மெழுகுதிரியை ஏற்றிவிட்டு, தீப்பெட்டியை என்னிடம் நீட்டினாள். "நீயும் ஒண்ணு ஏத்தேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "நான் கொலகாரின்னு ஊருக்கே காட்டணுமா?" பக்கத்தில் செபம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்தித் திரும்பினார்கள்.

அம்மா குரலைத் தாழ்த்தினாள். "நான் ஏத்துனது என்னோடதுக்குடி. உனக்கு அப்ப ஏழு மாசம். எலும்பும் தோலுமா கெடந்த. வயித்துல ஒண்ணு வளந்தா பால் வத்திடும்னாங்க. நீ கையில இருந்த, அது வயித்துல இருந்துச்சு. நான் உன்னப் பாத்தேன்."

"அது தப்பாம்மா?"

"தெரியலடி. ஒண்ணுமே இல்லன்னு சொல்ல மட்டும் வாய் வரல. அதான் வருஷாவருஷம் வந்து நிக்கிறேன்."

நான் செய்தது தவறென்று இன்றும் நினைக்கவில்லை. ஆனால் அந்தச் சின்ன வயது நவம்பர்களில், நான் பிழைக்க வேண்டுமென்று போன ஒன்றுக்கு முன்னால், விவரம் தெரியாமல் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

இப்போது அம்மாவுக்கு முட்டிவலி, கல்லறைக்கு வருவதில்லை. அவளுடையதை நான்தான் ஏற்றுகிறேன். என்னுடையதை இன்னும் ஏற்றியதில்லை.

வீடு திரும்பியதும், "ஏத்துனியா?" என்பாள். "ஏத்துனேம்மா" என்பேன். யாருடையதை என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.