வைராக்கியத்தில் வந்த கேசட்டுகள்

செங்கம் ரோட்டில், மலையடிவார ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் ஒரு கெஸ்ட் ஹவுஸில் உமேஷுக்கு மேனேஜர் வேலை. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அப்பா சாம்பமூர்த்தி குருக்கள் பெரிய கோயிலில் இன்னும் பூஜை செய்துகொண்டிருக்கிறார். பிள்ளையோ கோயில் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. அவனுடைய பக்தி மொத்தமும் வீடியோ கேம் மேல். வீட்டில் இருக்கிற ஒரே பீரோவில் கேசட்டும் டிஸ்கும் அடுக்கி வைத்திருக்கிறான். மனைவி வித்யாலக்ஷ்மியின் பட்டுப்புடவைகள் கட்டிலுக்கு அடியில் சூட்கேஸில் கிடக்கின்றன.

மாதம் தவறாமல் யூடியூபில் ஒரு வீடியோ போடுவான். ‘சமீபத்தில் ஆடியதும் சேர்த்ததும்’ என்று தலைப்பு. எந்த கேமையும் அவன் அரை மணிக்கு மேல் ஆடியதில்லை என்பது வித்யாவுக்கு மட்டும் தெரியும். ஆனால் தீர்ப்பு சொல்வதில் மட்டும் குறையே வைக்க மாட்டான். கார் பந்தய கேம் ஒன்றைப் பற்றி, அதன் வளைவுகளில் ஆழமான தத்துவம் இருப்பதாகச் சொன்னான். முதல் வளைவிலேயே மரத்தில் மோதிவிட்டு டிவியை அணைத்த மகானுபாவன் அவன். விவசாயம் செய்கிற கேம் ஒன்று கிடைத்தபோது மண்வாசனை, உழைப்பின் ருசி என்று உருகித் தள்ளினான். கெஸ்ட் ஹவுஸில் அறை பெருக்கும் ஆதிமூலத்துக்குக் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற நிலம் கொஞ்சம் உண்டு. அவரையும் பிடித்து உட்காரவைத்து அந்த வீடியோவைக் காட்டினான். அவர் பொறுமையாகப் பார்த்து முடித்துவிட்டு, இதில் பன்றி வந்து மேயாதா சார் என்று கேட்டுக்கொண்டே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனார்.

சரி, இவ்வளவு கேசட்டும் எப்படிச் சேர்ந்தது? காசு கொடுத்து வாங்கியது ரொம்பக் கம்மி. முக்கால்வாசியும் வெள்ளைக்காரர்களின் வைராக்கியத்தில் வந்தவை. மனசு சரியில்லை என்று மலையைத் தேடி வருகிறவர்களின் பையில் பொழுதுபோக்குக்கு ஒரு கேம் மெஷின் இருக்கும். துறவு முற்றுகிற நாளில் அது யாருக்காவது போய்ச் சேர வேண்டும். அந்த யாராவது உமேஷாக இருப்பான். முற்றுவதற்கு அவன் அடையாளம் வைத்திருந்தான். ருத்திராட்சம் வாங்கிப் போட்டுக்கொண்டால் அது வெறும் ஆரம்பம். செருப்பைக் கழற்றிவிட்டால் பாதி வந்தாயிற்று. காலையில் காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பழுத்துவிட்டது என்று அர்த்தம். அன்று முதல் உமேஷ் அந்த அறைப் பக்கமே சுற்றிக்கொண்டிருப்பான். வெட்கம் கெட்ட பிழைப்புதான், அவனுக்கு அது உறைக்கவே இல்லை.

போன கார்த்திகைக்கு முன்பு மார்ட்டின் என்று ஒரு சுவிஸ்காரர் வந்து தங்கினார். வயதானவர், அதிர்ந்து பேசாதவர். அவர் மேஜைமேல் ‘ஃபாக்ஸ் டவர்’ இருந்தது. ஜப்பானில் கொஞ்ச காலம் விற்று நின்றுபோன கேசட். அட்டைப்பெட்டி மூலை மடங்காமல், உள்ளே குறிப்புப் புத்தகத்தோடு அப்படியே இருந்தது. உமேஷுக்குக் கைகால் ஓடவில்லை. இருபது வருஷமாக அவன் படத்தில் மட்டும் பார்த்து ஏங்கிய சாமான் அது. அது மட்டும் கிடைத்தால் வேறு ஒன்றுமே வேண்டாம் என்று வித்யாவிடம் சொன்னான். அவள் நம்பவில்லை, பீரோவில் ஒரு தட்டாவது காலியாகுமா என்று கேட்டாள்.

மார்ட்டின் தானாகப் பழுக்கட்டும் என்று காத்திருக்க அவனுக்குப் பொறுமை இல்லை. தினமும் சாயங்காலம் நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். பற்று எப்படி மனுஷனைக் கட்டிப்போடுகிறது, பொருளை விட்டவனுக்கு மனசு எப்படி லேசாகிறது என்றெல்லாம் இங்கிலீஷில் எடுத்துவிட்டான். எல்லாம் அப்பா வீட்டில் சொல்லிச் சொல்லி அவன் காது புளித்துப்போன வார்த்தைகள். மார்ட்டின் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அடுத்த வாரம் செருப்பு போயிற்று. அதற்கடுத்த வாரம் காப்பி போயிற்று.

ஒரு நாள் காலையில் அவர் ஆபீஸ் அறைக்கே வந்து, கேசட் பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினார். தன்னிடம் கடைசியாக மிச்சம் இருக்கிற ஆசை இதுதான், நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

இந்த இடத்தில்தான் உமேஷ் கெட்டான். நம் ஊரில் யாராவது ஒன்றை நீட்டினால் உடனே கை நீட்டி வாங்குவோமா? ஒரு லட்டு கொடுத்தால்கூட ஐயோ எதுக்குங்க என்று இழுத்து, அவர்கள் வற்புறுத்தி, இரண்டாவது தடவையும் மறுத்து, அப்புறம்தானே வாங்கிக்கொள்வோம். இருபது வருஷம் ஏங்கியவனுக்கும் அந்தப் பழக்கம் போகவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“எனக்கு எதுக்குங்க இதெல்லாம். எல்லாம் அவனுக்கே” என்று இங்கிலீஷில் சொல்லி, ஊரே சாமியாகக் கும்பிடுகிற மலையை ஜன்னல் வழியே காட்டினான்.

சொல்லிவிட்டு, இன்னும் ஒரு தடவை நீட்டுவார் என்று காத்திருந்தான். மார்ட்டினுக்கு நம் வழக்கம் எங்கே தெரியும்? அந்த ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவர் கண் கலங்கிப்போய், இப்படி ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். உமேஷ் வாயைத் திறப்பதற்குள் ஆட்டோ போய்விட்டது. தபால் ஆபீஸுக்குப் போகிறாராக்கும், சாயங்காலம் பேச்சை எடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

வெயில் தாழ அவர் சிரித்த முகமாகத் திரும்பி வந்தார். நீங்கள் சொன்னபடியே அவனுக்கே கொடுத்துவிட்டேன், கோயில் உண்டியலில் போட்டுவிட்டேன் என்றார். கேசட் சுலபமாக உள்ளே போய்விட்டதாம். பெட்டிதான் நுழையவில்லையாம். அதனால் கிழித்து, நாலாக மடித்துத் திணித்தாராம்.

 உமேஷ் பைக்கை எடுத்துக்கொண்டு நேரே கோயிலுக்குப் போனான். உண்டியலில் விழுந்தது சாமி சொத்து, இனி யார் அப்பன் வந்தாலும் திரும்பாது என்று குருக்கள் வீட்டுப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரிந்தும் போனான். சந்நிதி எதிரே இருந்த உண்டியலின் வாயில் கண்ணை வைத்துப் பார்த்தான். இருட்டுதான் தெரிந்தது. பெட்டியின் சிவப்புத் துணுக்கு ஒன்று விளிம்பில் மாட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தன்னை அறியாமல் கைகூப்பினான். பிறந்ததிலிருந்து அவன் இத்தனை மனசாரச் சாமியிடம் எதையும் கேட்டதில்லை.

சாயரட்சை பூஜைக்காக உள்ளே போய்க்கொண்டிருந்த சாம்பமூர்த்தி குருக்கள் அங்கேயே நின்றுவிட்டார். கோயில் வாசலை மிதிக்காத பிள்ளை, சந்நிதி எதிரில் கைகூப்பிக்கொண்டு கண்ணீர் விடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தில் வந்து, அவன் நெற்றியில் விபூதி இட்டார். அவருக்கும் கண் நிறைந்துவிட்டது.

“இத்தனை வருஷமா இதைத்தாண்டா நான் அவன்கிட்ட கேட்டுண்டிருந்தேன்” என்றார். “நாளைக்குக் கார்த்தால என்னோட பூஜைக்கு வந்துடு.”

உமேஷ் உண்டியலைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான்.

“சரிப்பா” என்றான்.