சந்தனத்துக்கு அடியில் இருந்த விரிசல்

கொல்லங்கோட்டில் என் கடலைக் காட்டைப் பன்றிகள் உழுது போட்டன. சுட்டு விரட்ட அப்பா வைத்திருந்த பழைய ரிவால்வர் இருந்தது. லைசென்ஸ் என் பெயரில். அந்த அளவுத் தோட்டாதான் எந்தக் கடையிலும் இல்லை. எரிச்சலில், காலித் தோட்டாக்களில் நானே வெடிமருந்து அடைத்துக்கொள்ள முடிவு செய்து பாலக்காட்டுத் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். கடைக்கார ராவுத்தர், வீட்டில் அடைப்பது ஆபத்து என்று மருந்து தர மறுத்தார்.

“ஏனுங்க, அப்புறம் எதுக்குக் கடையத் தொறந்து வெச்சிருக்கீங்க?” என்று கத்தினேன்.

அவர் என் கையிலிருந்த ரிவால்வரை வாங்கி, ஆயுத பூஜைதோறும் நான் அப்பிய சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். தோட்டா போடும் உருளையில் மயிரிழை விரிசல்.

“இதுல கடைத் தோட்டா போட்டாலே கை போயிரும். வருசா வருசம் பொட்டு வச்சீங்களே, ஒருக்காவாச்சும் தொடச்சுப் பாத்தீங்களா?”

பன்றிகள் மேல் இருந்த கோபமெல்லாம் என் மேல் திரும்பியது. இதை எழுதும் வலது கை, நான் யாரைப் பார்த்துக் கத்தினேனோ அந்த மனிதர் மிச்சம் வைத்தது.