புளூட்டோவின் நிலவும் ஸ்டூடியோப் படமும்

புளூட்டோவுக்கும் ஒரு சந்திரன் இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று பதுளைப் பாடசாலையில் விஞ்ஞான டீச்சர் சொன்ன அன்று, அதை எங்கள் தேயிலைத் தோட்டத்தில் போய்ச் சொல்லும் வரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்கள் லயத்து வீடுகளிலிருந்து பதுளைக்குப் போய்ப் படித்தவள் நான் ஒருத்திதான். அந்தப் பெருமையை நான் ஒளித்து வைத்ததும் இல்லை.

பீலியில் தண்ணீர் பிடிக்க நின்ற பெண்களிடம் ஆரம்பித்தேன். சூரியனுக்கு வெகு தூரத்தில் உறைந்து கிடக்கும் சின்னக் கிரகம் அது. பெரிய தொலைநோக்கி வைத்து எடுத்த படத்திலும் மங்கலான ஒரு புள்ளிதான். அந்தப் புள்ளியின் ஓரம் கொஞ்சம் புடைத்திருந்ததாம். படம் பழுது என்று ஒதுக்கியிருந்தார்களாம். ஒருவர் மட்டும் பழைய படங்களையும் எடுத்துப் பார்த்தாராம். ஒன்றில் புடைப்பு மேலே, இன்னொன்றில் கீழே. பழுது இடம் மாறுமா? கூடவே சுற்றிவரும் சந்திரன் அது!

"படத்த கையில வச்சிக்கிட்டே தெரியலியாக்கும், அம்புட்டு படிச்சவங்களுக்கு?" என்று அடுத்த வீட்டு அத்தை சிரித்தாள். "ஒன் கதையும் அதான புள்ள. பாஸ்போட்டுக்குப் புடிச்ச போட்டோவ, நீ பரீச்ச பாசானதுக்குப் புடிச்சதுன்னு சொல்லிக்கிட்டுத் திரியிற."

"என்ன பாஸ்போட்டு அத்த?"

"அடியாத்தே! இன்னுமா சொல்லல?"

மற்றவர்கள் குனிந்து குடத்தைப் பார்த்தார்கள். யாரும் திகைக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தோட்டத்து ஆட்கள் பலர் பாஸ்போர்ட் எடுத்து, ஒரேயடியாக இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது.

அந்தப் படம் எடுத்தது, நான் பரீட்சையில் தேறி, மேலே விஞ்ஞானம் படிக்க இடம் கிடைத்த சமயத்தில். அப்பா எங்கள் எல்லோரையும் பதுளை ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனார். அம்மா கலியாணச் சேலையை உடுத்தியிருந்தாள். படம் எடுப்பவரிடம், நான் பாசானதற்காகத்தான் வந்திருக்கிறோம் என்று நானாகவே சொன்னேன். அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டார். சிரிக்கக் கூடாது, காது தெரிய வேண்டும், நேரே பார்க்க வேண்டும் என்றார் படக்காரர். டவுனில் இப்படித்தான் எடுப்பார்கள்போல என்று நினைத்தேன்.

பீலியில் அத்தை சொன்ன அன்று மாலை, அப்பா தேயிலை மலையிலிருந்து இறங்கி வந்ததும், கால் கழுவக்கூட விடாமல் கேட்டேன்.

"இந்தியாவுக்கு எழுதிக் குடுத்தீங்களா?"

"எழுதிக் குடுத்து வருசமாச்சு. இப்பத்தான் பாஸ்போட்டு வந்திருக்கு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ படம் புடிக்க வந்திருப்பியா?"

வந்திருக்க மாட்டேன். அது அவருக்குத் தெரியும்.

"அடுத்த பரீச்ச வரைக்கும் நான் இங்க இருக்கேன். நீங்க போங்க."

"ஒன் பேரும் அதுலதான் இருக்கு. வயசுப் புள்ளைய யார நம்பி விட்டுட்டுப் போறது? அங்கயும் பள்ளிக்கூடம் இருக்கு."

அம்மா அடுப்பை விட்டுத் திரும்பவில்லை. அவளையும் சேர்த்துத்தான் கேட்டேன் என்பது அவளுக்குப் புரிந்திருக்கும்.

மறுநாள் டீச்சரிடம் போய் அழுதேன். அப்பாவிடம் அவர் பேசினால் கேட்பார் என்று நம்பினேன். டீச்சர் என் தோளைத் தொட்டு, "அப்பா பாடசாலை அதிபரிடம் போன மாதமே வந்து சொல்லிவிட்டாரே, பிள்ளை. உமக்குத் தெரியும் என்றல்லவா நினைச்சேன்" என்றார். பிறகு, இந்தியாவில் பெரிய தொலைநோக்கிகள் இருப்பதாக ஆறுதல் சொன்னார். எனக்கு அந்த ஆறுதல் வேண்டியிருக்கவில்லை.

பரீட்சைக்கு முன்பே புறப்பட்டோம். இந்தியாவுக்குப் போகிறவர்களை ஏற்றிச் செல்லும் ரயிலைத் தோட்டத்து ஆட்கள் அழுகைக் கோச்சி என்பார்கள். பதுளை ஸ்டேஷனில் கட்டிப்பிடித்து அழாதவர் இல்லை. அத்தை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினாள். நான் கையைத் தொங்கவிட்டபடி நின்றேன். அப்பா ஜன்னல் ஓரத்தில் துண்டைப் போட்டு எனக்கென்று இடம் பிடித்து வைத்திருந்தார். துண்டை எடுத்து அம்மா கையில் கொடுத்து அவளை அங்கே உட்கார வைத்தேன். கப்பல் ஏறும் தலைமன்னார் வரை கதவருகே பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தேன். அப்பா இரண்டு தரம் கூப்பிட்டார். எனக்குக் கேட்டது; எழுந்து போகவில்லை.