மாமாவும் ரைமிங் வேர்ட்ஸும்

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் அம்மாவின் தம்பி எங்கள் வீட்டில் வந்து தங்கினார். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர். அங்கே ஓர் அறை வெடித்ததில் மாமாவுக்குக் கையில் தீக்காயம் என்று ஊரெல்லாம் சொன்னார்கள். என்னிடமும் அதையே சொன்னார்கள். இரண்டு காதும் கேட்காமல் போய்விட்டது என்பது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும். மாமாவுக்கு அதற்கு முன்பே பெண் நிச்சயமாகியிருந்தது. எனக்குத் தெரிந்தால் மறுநாளே பள்ளிக்கூட வேன் முழுக்கத் தெரிந்துவிடும் என்று பயந்திருப்பார்கள். நியாயமான பயம்தான்.

அந்த வேன்தான் ஆமத்தூரிலிருந்து என்னை இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போகும். அங்கே டீச்சர் ரைமிங் வேர்ட்ஸ் ஆரம்பித்திருந்தார். ஒரே மாதிரி ஒலித்து முடிகிற சொற்களை ஜோடி சேர்த்து, அர்த்தத்தோடு சொல்ல வேண்டும். நான் ஒப்பிப்பதைக் கேட்க வீட்டில் யாருக்கும் பொறுமை இல்லை, மாமாவைத் தவிர.

சாயங்காலம் மொட்டை மாடியில் எதிரெதிரே உட்காருவோம். வெயில் இறங்கி, காய்ந்த துணிகள் எல்லாம் மஞ்சளாகத் தெரிகிற நேரம். என் வாயை மாமா பார்ப்பதுபோல அதுவரை என்னை யாரும் பார்த்ததில்லை. நான் பெரிய ஆளாகிவிட்டதாகவே தோன்றும்.

“மேட்னா பாய். பேட்னா மட்டை” என்பேன்.

“ரெண்டும் ஒண்ணுதானே தாயி?”

“இல்ல மாமா. வேற வேற.”

“எனக்கு ஒண்ணாத்தான் இருக்கு. இன்னொருக்கச் சொல்லு.”

ஃபேனும் வேனும் அவருக்கு ஒன்றுதான். மார்க்கும் பார்க்கும் ஒன்றுதான். வேண்டுமென்றே சீண்டுகிறார் என்று கோபம் வரும். அந்தச் சொற்களுக்கு உதடுகள் ஒரே மாதிரி அசையும் என்பதைப் பல வருஷம் கழித்து, கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்போது அர்த்தத்தைக் கையை ஆட்டிக் காட்டுவேன். மட்டை வீசுவேன், பாய் விரிப்பேன், தலைக்கு மேலே விரலைச் சுற்றிவிடுவேன். மாமாவும் கூடவே வாயசைத்துப் பார்ப்பார். அவருக்குப் பிடித்தது மூன், ஸ்பூன். உதடு குவிவதைப் பார்த்ததுமே “நிலா, கரண்டி!” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவார்.

சிவகாசிப் பக்கம் எங்கோ வெடி போட்டுச் சோதித்துப் பார்ப்பார்கள். காகங்கள் கூட்டமாக எழும்பும். அவற்றை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான், “வெடி போடுறாக” என்பார் மாமா. பிறகு வெகுநேரம் வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நானும் பார்ப்பேன். அந்த மாலைகளில் மட்டும் எங்கள் மாடி கொஞ்சம் மிதந்ததாகத்தான் இப்போது நினைவிருக்கிறது.

ஒரு நாள் பெண்ணின் அப்பா லோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். மாப்பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். மாமாவுக்கு எதிரே உட்கார்ந்து பேசினார்.

“காயம் ஆறிருச்சா மாப்பிள்ளை?”

“ஆறிருச்சு மாமா. நீங்க சாப்பிட்டீகளா?”

எல்லாம் சரியாகவே போயிற்று. அம்மாவின் முகம் தெளிந்தது. பெண்ணின் அப்பா கை கழுவ எழுந்து குழாயடிக்குப் போனார். முதுகைக் காட்டிக்கொண்டே, “ஆவணியிலயே கல்யாணத்த வச்சுக்கிருவமா மாப்பிள்ளை?” என்றார்.

மாமா சிரித்த முகமாக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அசையவில்லை. மாமா ஏதோ கனவில் இருக்கிறார் என்று நினைத்து நான் ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன். மாடியில் செய்வதுபோல வாயை நன்றாகத் திறந்து, அந்தக் கேள்வியை ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

“வச்சுக்கிருவம் மாமா!” என்று மாமா கத்தினார்.

பெண்ணின் அப்பா திரும்பி என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். அம்மா அவருக்கு வைத்த காப்பி அப்படியே இருந்தது. “பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்றாவது தெரிந்திருக்கும். அதன் பிறகு மாமா மாடிக்கு வரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். எழுப்பினாலும் என் வாயைப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே லோடு ஆட்டோ வந்தது. பெண்ணின் அப்பாவுக்குப் பின்னால், மாமாவுக்கு நிச்சயம் செய்திருந்த அந்த அக்காவும் இறங்கினார். அவருக்குச் சிவகாசியில் அச்சாபீஸ் வேலை. மெஷின் சத்தத்தில் அங்கே யாரும் குரலை வீணாக்குவதில்லை, பெண்கள் உதட்டை அசைத்தே ஊர்க்கதை அத்தனையும் பேசிவிடுவார்கள் என்பதெல்லாம் நான் வளர்ந்த பிறகு கேள்விப்பட்டது.

மாமா எழுந்து வந்து தலை குனிந்து நின்றார். அக்கா நேரே போய் அவர் முன்னால் நின்று, தோளைத் தொட்டார். மாமா நிமிர்ந்தார். அக்காவின் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. நிறையப் பேசினார். நடுவில் ஒரு தடவை சிரித்தார். மாமாவின் கண்ணில் தண்ணீர் முட்டியது. “சரி” என்றார். அன்றுதான் முதல்முறையாகக் கத்தாமல் மெதுவாகச் சொன்னார்.

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

“அம்மா, அந்தக்காவுக்குப் பேச்சு வராதா?”

அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. எங்கள் மாமா எவ்வளவு நன்றாகப் பேசுவார். போயும் போயும் ஓர் ஊமைப் பெண்ணை அவர் தலையில் கட்டப் பார்க்கிறார்களே, அதுவும் புரியாமல் பாவம் இவர் சரியென்று சொல்லிவிட்டாரே என்று, அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து மாமாவுக்காக அழ ஆரம்பித்தேன்.