உதட்டைத் தூக்கக் கூடாது

கேம்ப் ரோட்டில் பஸ் போட்ட திடீர் பிரேக்கில், முன்சீட்டுக் கம்பியில் மோதி என் முன்பல் ஒன்று போயிற்று. அதற்குப் பதில் மாட்டிய செட் பல், வகுப்பில் பாடம் நடத்தும்போது கழன்று மேஜைமேல் விழுந்தது. பிள்ளைகள் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டதைத்தான் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து வாயைப் பொத்திக்கொண்டே பாடம் நடத்தினேன். கழலாத பல் வேண்டும் என்று தாம்பரத்தில் ஒரு பல் டாக்டரிடம் போனேன்.

"இம்ப்ளாண்ட் வைக்கலாம் மேடம். ஆனா அந்த இடத்துல ஈறு மெலிஞ்சு போச்சு. மேல் அண்ணத்துல இருந்து கொஞ்சம் சதை எடுத்து அங்க வெச்சுத் தைக்கணும்" என்றார்.

என் வாயில் வெட்டி என் வாயிலேயே ஒட்டுவதாம். வேறு வழியில்லை, சரி என்றேன். ஊசி போட்டு மரத்த பிறகும் கத்தி உரசுவது மண்டைக்குள் கேட்டது. தைத்து முடித்ததும், "பேசாதீங்க. முக்கியமா உதட்டைத் தூக்கிப் பாக்காதீங்க. தையல் விட்டா சதை செத்துடும். மறுபடி வெட்டணும்" என்றார்.

மறுநாள் இரும்புலியூரிலிருந்து அத்தை, அப்பாவின் அக்கா, ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். நம் ஜனங்களுக்கு ஆளைப் பார்த்தால் போதாது, காயத்தையும் பார்த்தாக வேண்டும். என் தலையில் கைவைத்து ஜெபித்தார். ஆமென் சொன்ன கையோடு, "எங்க, காட்டு பாக்கலாம்" என்றார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். "ரொம்ப வலிக்குதா கண்ணு?" என்றபடியே இரண்டு விரலால் உதட்டைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

சுரீர் என்றது. நாக்கில் ரத்தம் உப்புக் கரித்தது.

"என்னடி இது, வெள்ளையா இருக்கு?"

வெள்ளை என்றால் செத்துவிட்டதா? பேசவும் கூடாது, யாரைக் கேட்பது? அத்தை ஹார்லிக்ஸை ஆற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான்தான் பயத்தில் செத்தேன். கண்ணாடிப் பக்கமே போகவில்லை. எச்சில் விழுங்கும்போதெல்லாம் சதையும் சேர்ந்து உள்ளே போய்விடுமோ என்று நடுங்கினேன்.

தையல் பிரிக்கும் நாளில் அத்தையும் கூடவே வந்து வெளியே உட்கார்ந்தார். டாக்டர் பார்த்தார். லைட்டை இழுத்து மறுபடி பார்த்தார்.

"ஒரு ஓரத்துல தையல் விட்டிருக்கு. யாரு இழுத்தது? நல்லவேளை, மீதி ஒட்டிக்கிச்சு. அந்த ஓரமும் சேரணும்னா இன்னும் ஒரு மாசம் யாரும் கை வைக்கக்கூடாது. இல்லேன்னா மறுபடி கத்திதான்."

வெளியே பெஞ்சில் அத்தை கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார். அழுதிருந்தார், பாவம். என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"கர்த்தர் கைவிடலை பாத்தியா. எங்க, காட்டு."

இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.